வோஜ் மலையில் மட்டும் பாதைக் குறிகள் ஏன் வேறு?

பிரான்சில் காடு மலை என்று நடப்பவர்களுக்கு ஒரு குறி அத்துப்படி. மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு சிறு பட்டைகள். மரத்திலோ பாறையிலோ இதைக் கண்டால், ஜி.ஆர். எனப்படும் நெடுந்தூரத் தடம் ஒன்றில் இருக்கிறோம் என்று பொருள். ஆல்ப்ஸ், பிரனீஸ், கோர்சிகா, எங்கே போனாலும் இதுதான். ஆனால் நாட்டின் கிழக்கு ஓரத்தில் வோஜ் மலைக்குள் நுழைந்ததும் அந்தப் பட்டைகள் காணாமல் போய்விடும். நீங்கள் நடப்பது அதே ஜி.ஆர். 5 தடம்தான், வரைபடத்திலும் அதே எண்தான். மரத்தில் இருப்பதோ ஒரு சிவப்புச் செவ்வகம். பக்கத்திலேயே நீலத்தில் ஒரு பெருக்கல் குறி, மஞ்சளில் ஒரு சாய்சதுரம், பச்சையில் ஒரு வளையம். முதல் முறை வருபவருக்கு ஏதோ குழந்தைகள் பள்ளிச் சுவரைப் பார்ப்பது போலிருக்கும்.

உள்ளூர்க்காரர்களின் பிடிவாதம் என்று இதைச் சொல்லிவிடலாம். பிடிவாதம்தான். ஆனால் அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், ஒரு எல்லைக்கோடும் சில போர்களும் நிறைய மாடுகளும் வழியில் வருகின்றன.

முதலில் மலையைப் பார்த்துவிடுவோம். வோஜ் பெரிய மலைத்தொடர் இல்லை. அதன் உச்சியான கிரான் பாலோன் 1,424 மீட்டர். ஹோனெக் 1,363 மீட்டர். ஆல்ப்ஸ் போலக் கூர்மையான சிகரங்கள் இங்கே கிடையாது; மழித்த தலை போல உருண்டையான குன்றுகள். ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில் தெரியும் கருங்காட்டு மலையும் இதுவும் ஒரு காலத்தில் ஒரே மலைத் திணிவாக இருந்தவை. நடுப்பகுதி சரிந்து அமிழ்ந்துபோனது. அந்தப் பள்ளத்தில்தான் இப்போது ரைன் ஓடுகிறது. இதனால் வோஜுக்கு இரண்டு முகங்கள். மேற்கே லொரேன் வட்டாரத்தின் பக்கம் மெதுவாகச் சாய்ந்து இறங்கும். கிழக்கே அல்சாஸ் வட்டாரத்தின் பக்கம் செங்குத்தாக விழும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகங்கள் மேற்குச் சரிவில் மோதிப் பொழிவதால் முகட்டில் ஆண்டுக்கு 2,000 மி.மீ. அளவுக்கு மழை பெய்யும். அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் கீழே இருக்கும் கோல்மார் நகரத்துக்கோ ஏறக்குறைய 600 மி.மீ.தான், பிரான்சிலேயே வறண்ட நகரங்களில் அதுவும் ஒன்று. அல்சாஸ் திராட்சைத் தோட்டங்களின் ரகசியம் இந்த மழை மறைவுதான். காலையில் காற்று வீசும் புல்வெளி உச்சியில் கிளம்பி, ஊசியிலைக் காடு, பீச் மரக் காடு, செஸ்ட்நட் தோப்பு என்று இறங்கி, சாயங்காலம் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு கிராமத்தில் கால் நீட்டி உட்காரலாம். ஒரே நாளில் இத்தனை மாறுவது ஐரோப்பாவின் தாழ்ந்த மலைகளில் அபூர்வம்.

வடக்கு வோஜ் செந்நிற மணற்கல். ஸ்ட்ராஸ்பூர் தேவாலயம் இந்தக் கல்லில்தான் எழுந்தது. தெற்கு வோஜ் கருங்கல். பனியாறுகள் குடைந்த குழிகளில் ஏரிகள். சரி, இனி குறிகளுக்கு வருவோம்.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசுக்கும் போர். பிரான்ஸ் தோற்றது. 1871 ஃபிராங்க்ஃபர்ட் உடன்படிக்கைப்படி அல்சாஸின் பெரும்பகுதியும் லொரேனின் ஒரு பகுதியும் புதிய ஜெர்மன் பேரரசுக்குப் போயின. புதிய எல்லை நீண்ட தூரத்துக்கு வோஜ் முகட்டின் மேலேயே ஓடியது. அடுத்த ஆண்டே, 1872 அக்டோபரில், சாவெர்ன் என்ற சிற்றூரில் ஒரு நடைப்பயணச் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர் ரிச்சர்ட் ஷ்டீவ, அந்த ஊர் நீதிமன்றத்துக்கு வந்த ஜெர்மன் நீதிபதி. அல்சாஸுக்குப் பணி மாற்றலாகி வந்த ஜெர்மன் அதிகாரிகளுக்கு இந்தப் பழக்கம் புதிதில்லை. ரைனுக்கு அப்பால் கருங்காட்டு மலைச் சங்கம் 1864-லேயே தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கைத்தடியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவது அவர்களுடைய நடுத்தர வர்க்கத்துப் பண்பாடாகவே ஆகியிருந்தது. அதை இங்கேயும் நட்டார்கள். பாதை வெட்டுவது, அம்புப் பலகை வைப்பது, காட்சிக் கோபுரம் கட்டுவது, பாழடைந்த கோட்டைகளைக் காப்பது என்று வேலை விரிந்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்ட நாட்டின் நீதிபதி, பிடித்த மண்ணில் நடந்து ரசிப்பதற்காக அமைத்த சங்கம் இது. ஒரு நிலத்தை நடந்து, பெயரிட்டு, வரைபடத்தில் போடுவது அதை உரிமை கொண்டாடுவதன் இன்னொரு வகை என்று அன்றைய பிரெஞ்சுக்காரர்கள் நினைத்திருந்தால் தப்பில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சேன்-தியே ஊர்க்காரரான அரசியல்வாதி ஜூல் ஃபெரி, 'வோஜின் நீலக் கோடு' தெரியும் திசையைப் பார்த்தபடி தன்னைப் புதைக்க வேண்டும் என்று உயில் எழுதினார். இழந்த மண்ணின் அடையாளமாக அந்தச் சொற்றொடர் பிரெஞ்சு மொழியில் தங்கிவிட்டது. ஒரு தரப்புக்கு ஏக்கத்தோடு தூரத்தில் பார்க்கும் நீலக் கோடு; மறு தரப்புக்கு ஞாயிறு உலா போகும் காடு. மலை ஒன்றுதான்.

ஆனாலும் சங்கம் அதிகாரிகளோடு நின்றுவிடவில்லை. அல்சாஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். ஊருக்கு ஊர் கிளைகள் முளைத்தன. 1918-ல் முதல் உலகப் போர் முடிந்து அல்சாஸ் பிரான்சுக்குத் திரும்பியபோது ஜெர்மன் அதிகாரிகள் மூட்டை கட்டினார்கள். பாதைகளும் பலகைகளும் அங்கேயே இருந்தன. சங்கம் 'க்ளப் வோஜியன்' என்ற பிரெஞ்சுப் பெயரோடு வேலையைத் தொடர்ந்தது. இன்று சுமார் 20,000 கிலோமீட்டர் தடங்களைத் தன்னார்வலர்களே குறியிட்டுப் பராமரிக்கிறார்கள்.

வெள்ளை சிவப்புப் பட்டை பிறந்தது இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். 1947-ல் ஜான் லுவாசோ என்பவரின் முயற்சியில் நெடுந்தூரத் தடங்களுக்கான தேசியக் குழு அமைந்தது. முதல் தடம் அதே ஆண்டு லுவார் ஆற்றங்கரையில், ஓர்லேயான் பக்கத்தில் குறியிடப்பட்டது. அந்தக் குழு கிழக்கே வந்து பார்த்தபோது வோஜ் மலையில் அரை நூற்றாண்டுப் பழமையான குறிகள் ஏற்கெனவே மரம் மரமாக இருந்தன. வந்தவர்தான் வளைந்துகொடுக்க வேண்டியிருந்தது. தடத்துக்கு ஜி.ஆர். எண் தேசியக் கணக்கில், குறி மட்டும் வோஜ் சங்கத்துடையது என்று ஏற்பாடு ஆனது. இன்றும் அதே நிலைமைதான்.

அந்தக் குறிகளைப் படிப்பது கஷ்டமில்லை. செவ்வகம் என்றால் மலையை நெடுக்காகக் கடக்கும் நீண்ட தடம். சிவப்புச் செவ்வகம் முதன்மையானது. வடக்கு எல்லையோரம் விசம்பூரில் ஜி.ஆர். 53 என்ற எண்ணில் தொடங்கி, பிறகு ஜி.ஆர். 5 ஆகித் தெற்கே போகிறது. நீலச் செவ்வகம் ஜி.ஆர். 531, மஞ்சள் செவ்வகம் ஜி.ஆர். 532. சாய்சதுரம், முக்கோணம், பெருக்கல் குறி, வட்டம் எல்லாம் நீண்ட தடங்களை இணைப்பவை, அல்லது ஊரிலிருந்து கோட்டைக்கும் ஏரிக்கும் போகும் குறுகிய தடங்கள். வளையம் என்றால் கிளம்பிய இடத்துக்கே சுற்றிக் கொண்டுவந்து விடும். கைகாட்டிகளில் அடுத்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள். மலையில் கிலோமீட்டரை விட மணிக்கணக்குதான் உதவும் என்பது ஏறி இறங்கிய எவருக்கும் தெரியும்.

இரண்டு முறைகளில் எது மேல்? என் கணக்கில் இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில். வெள்ளை சிவப்புப் பட்டை 'நீ தடத்தில்தான் இருக்கிறாய்' என்று மட்டும் சொல்லும். ஒற்றைக் கோடாக நாட்டைக் குறுக்கே கடப்பவருக்கு அது போதும். ஆனால் ஐந்து பாதைகள் கூடும் காட்டுச் சந்திப்பில், அதில் இரண்டு ஜி.ஆர். தடங்களாகவும் இருந்துவிட்டால், ஒரே பட்டை இரண்டு பக்கமும் இழுக்கும். வோஜில் பாதைகள் சிலந்தி வலை. ரயில் நிலையத்தில் இறங்கி, ஒரு நாள் நடந்து, வேறொரு நிலையத்தில் ரயில் ஏறுபவர்களுக்காக வளர்ந்த வலை அது. கோல்மாரிலிருந்து முன்ஸ்டர் பள்ளத்தாக்கு வழியாக மெட்செரால் வரை போகும் சிறு ரயிலில் இப்போதும் இப்படி நடப்பவர்கள் வருகிறார்கள். வலைக்கு வடிவமும் நிறமும் சேர்ந்த குறிதான் சரிப்படும். 'நீலப் பெருக்கல் குறியைப் பிடித்துப் போ' என்றால் வழி சொல்லி முடிந்துவிட்டது.

அந்த முன்ஸ்டர் பள்ளத்தாக்கின் தலைமாட்டில்தான் இந்த மலையின் மிகப் புகழ்பெற்ற பாதை இருக்கிறது. ஷ்லுக்த் கணவாய் (1,139 மீட்டர்) ஒரு காலத்தில் இரண்டு நாடுகளின் சுங்கச் சாவடி. அங்கிருந்து ஹோனெக்குக்குப் போக முகட்டின் மேல் சுலபமான வழி உண்டு. ஆனால் முகடு எல்லைக்கோடு. 1908-க்கும் 1912-க்கும் இடையில் முன்ஸ்டரின் ஜெர்மன் வன அதிகாரி ஷ்ட்ரோமையர், முகட்டுக்குக் கீழே, ஜெர்மன் பக்கத்துப் பாறைச் சரிவிலேயே ஒரு பாதையைச் செதுக்கினார். இரும்புக் கைப்பிடி, படிகள், சிறு பாலங்கள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. 'பாறைகளின் பாதை' என்று இப்போது பெயர். மொத்தமே சில கிலோமீட்டர்தான். அதை நடக்க எடுக்கும் நேரத்தைப் பார்த்தால் அவ்வளவுதானா என்று தோன்றும். பனி விழுந்த பிறகு அங்கே போகக் கூடாது. உறைபனி மிச்சமிருக்கும் வசந்த காலத்திலும் ஆபத்து. எளிதான வழி தலைக்கு மேலேயே இருக்க, இப்படி ஒரு சிரமமான பாதை பிறந்ததைப் புரிந்துகொள்ள, அன்றைய எல்லை எங்கே ஓடியது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அந்த எல்லையின் கற்கள் முகட்டில் இப்போதும் நிற்கின்றன. இடுப்பளவு கூட உயரமில்லாத கல். ஒரு பக்கம் எண், ஒரு பக்கம் பிரான்சுக்கு எஃப், மறுபக்கம் ஜெர்மனிக்கு (டாய்ச்லாந்து) டி. லக்சம்பர்க்கிலிருந்து சுவிட்சர்லாந்து வரை நாலாயிரத்துக்கும் மேல் நட்டார்கள். சில கற்களில் டி எழுத்து மட்டும் உளியால் கொத்தப்பட்டிருக்கும். 1918-க்குப் பிறகு யாரோ கோபத்தோடு சுத்தியல் எடுத்த வேலை அது. இப்போது நடப்பவர்கள் அதன் மேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறார்கள்.

முதல் உலகப் போர் இந்த முகட்டுக்கு ஒரு சாலையையே கொடுத்தது. ஜெர்மன் பீரங்கிகளின் கண்ணில் படாமல் வடக்கு தெற்காகத் துருப்புகளையும் தளவாடங்களையும் நகர்த்த, பிரெஞ்சு ராணுவம் பெரும்பாலும் மேற்குச் சரிவை ஒட்டி முகட்டுச் சாலையைப் போட்டது. கோடை ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள் சத்தம் காதைப் பிளக்கும் சுற்றுலாச் சாலை இன்று அதுதான். நடப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி. கிரான் பாலோன் உச்சியில் அமைதி தேடி வந்தவருக்கு வாகன நிறுத்தம்தான் முதலில் கண்ணில் படும்.

அந்தச் சாலையின் தெற்கு முனைக்கு அருகே 956 மீட்டர் உயரத்தில் ஹார்ட்மான்ஸ்வில்லர்கோப்ஃப். 1915-ல் ஒரு குன்றின் தலைக்காக இரண்டு ராணுவங்களும் மாறி மாறி மோதிய இடம். பதுங்கு குழிகள் இன்னும் பாசி படிந்து கிடக்கின்றன. நடுவே புகுந்து நடக்கப் பாதை உண்டு. பெயர் தெரியாத 12,000 வீரர்களின் எலும்புகள் நிலவறையில். 2017 நவம்பரில் பிரெஞ்சு, ஜெர்மன் அதிபர்கள் சேர்ந்து திறந்த அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. முன்ஸ்டருக்கு வடக்கே லாங்ஜ் போர்க்களத்தில் இன்னும் எளிமையான ஓர் அடையாளம்: உடல்கள் கண்டெடுக்கப்பட்ட இடங்களில் சிலுவைகள். வெள்ளை என்றால் பிரெஞ்சு வீரர், கருப்பு என்றால் ஜெர்மன் வீரர். இந்த இடங்களில் தடத்தை விட்டு இறங்காதீர்கள் என்று எழுதியிருப்பது சம்பிரதாயத்துக்கு இல்லை. நூறு ஆண்டுக்கு முந்தைய வெடிகுண்டு இலைச் சருகுக்கு அடியில் இருக்கக் கூடும்.

வடக்கே புரூஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சிவப்புச் செவ்வகத்தைப் பிடித்து ஏறினால் ஸ்ட்ரூத்தோஃப் வரும். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஸ்ட்ராஸ்பூர்க்காரர்கள் பனிச்சறுக்கு விளையாட வந்த இடம். 1941-ல் நாஜிகள் அங்கே நாட்ஸ்வைலர் வதை முகாமைத் திறந்தார்கள். பக்கத்தில் இளஞ்சிவப்புக் கருங்கல் கிடைத்ததே அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம். கைதிகள் கல் உடைத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1940-க்குப் பிறகு அல்சாஸ் மீண்டும் ஜெர்மன் பிடியில் போனதால் பழைய முகட்டு எல்லைக்கு மறுபடி உயிர் வந்தது. தப்பிய போர்க் கைதிகளையும், ஜெர்மன் ராணுவத்தில் சேர மறுத்த இளைஞர்களையும் உள்ளூர்க்காரர்கள் இரவில் காட்டு வழியே மேற்குப் பக்கம் கடத்திவிட்டார்கள். அந்த வழிகளில் ஒன்று இப்போது 'கடத்திவிட்டவர்களின் பாதை' என்ற பெயரில் குறியிடப்பட்டிருக்கிறது.

போரையே பேசிக்கொண்டிருந்தால் மலையின் பாதி வாழ்க்கை விட்டுப்போகும். முகட்டில் மரமில்லாத பரந்த புல்வெளிகள் இருப்பதற்குக் காற்றும் குளிரும் ஒரு காரணம், மாடுகள் பெரிய காரணம். முன்ஸ்டர் பள்ளத்தாக்கு மாட்டுக்காரர்கள் இடைக்காலத்திலிருந்தே கோடையில் மந்தையை மேலே ஓட்டிப் போய், காட்டைத் திருத்தி மேய்ச்சல் நிலம் ஆக்கினார்கள். அவர்களுக்கு மார்க்கேர் என்று பெயர். பால் கறப்பவர் என்ற அல்சாஸ் சொல் பிரெஞ்சு வாயில் புகுந்து அப்படி ஆனது. பாலைக் கீழே கொண்டுவர முடியாது, சீஸாக்கினால் முடியும். மூக்கைத் துளைக்கும் முன்ஸ்டர் சீஸ் அப்படி வந்ததுதான். முகட்டுத் தடங்களில் பல, இந்த மாட்டு வழிகள்தாம்.

அந்தக் கோடைப் பண்ணைகள் பலவற்றில் இப்போது சாப்பாடும் போடுகிறார்கள். பண்ணைச் சாப்பாட்டில் முதலில் இறைச்சி வைத்த அப்பம், பிறகு வெண்ணெயும் வெங்காயமும் பன்றிக் கொழுப்பும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்த உருளைக்கிழங்கு, அதோடு புகையூட்டிய பன்றி இறைச்சி, அப்புறம் சீஸ், கடைசியில் காட்டு நீலக்கனி வைத்த இனிப்பு. மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு முதல் மூன்றும் கைகொடுக்காது. சீஸும் நீலக்கனியும்தான் கதி. இதைச் சாப்பிட்ட பிறகு மத்தியான நடை என்பது வேறு ஒரு விளையாட்டு.

இப்போது இந்தத் தடங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் போரால் வந்ததில்லை. 2018-லிருந்து அடுத்தடுத்து வந்த வறட்சியில் ஸ்ப்ரூஸ் மரங்கள் பலவீனப்பட, பட்டைத் துளைப்பான் வண்டு அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் காயவைத்துவிட்டது. பட்டுப்போன மரம் நடப்பவர் தலையில் விழும் என்பதால் வெட்டுகிறார்கள். வெட்டிய மரத்தோடு அதில் அடித்திருந்த செவ்வகமும் போகும். குறியை மரத்தில் வைக்கும் முறையின் பலவீனம் இது. காடு நிலையாக இருக்கும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. வெட்டிய சரிவில் மறுபடி குறியிட மரமே இருக்காது, கம்பம் நட வேண்டும். அந்த வேலையும் தன்னார்வலர்கள் தலையில்தான்.

இன்னொன்று, பெரிய காட்டுக்கோழி. தெற்கு வோஜின் பழைய காடுகளில் வாழ்ந்த இந்தப் பறவை ஏறக்குறைய அழிந்தே போனது. 2024-ல் நார்வேயிலிருந்து சில பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இந்தக் காடு அவற்றைத் தாங்குமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. கொண்டுவந்தவற்றில் பல சீக்கிரமே செத்தும் போயின. பனிக்காலத்தில் ஒரு மனிதர் தடத்தை விட்டு விலகி நடந்தாலே இந்தப் பறவை பறந்து ஓடி, சேமித்த சக்தியை இழந்துவிடும். அதனால் சில பகுதிகளில் நடப்பவர்கள் குறியிட்ட தடத்திலேயே இருக்க வேண்டும். காட்டை மக்களுக்குத் திறந்துவிட வைத்த குறிகள், மக்களைக் காட்டின் மற்ற பகுதியிலிருந்து ஒதுக்கி வைக்கவும் இப்போது பயன்படுகின்றன.

ஜி.ஆர். 5 தெற்கே பாலோன் தல்சாஸ் மலையைத் தாண்டி பெல்ஃபோர் இடைவெளிக்கு இறங்கும்போது சிவப்புச் செவ்வகத்தின் ராஜ்ஜியம் முடிகிறது. அந்தத் தாழ்வான வாசலுக்கு அப்பால் ஜூரா மலை. பாறை சுண்ணாம்புக்கல், குறி வெள்ளை சிவப்பு. அங்கே தடத்துக்குத் துணை தூ ஆறு. 453 கிலோமீட்டர் ஓடும் ஆறு. ஆனால் பிறக்கும் இடத்துக்கும் சோன் ஆற்றில் கலக்கும் இடத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர்தான். அத்தனை சுற்று. சுண்ணாம்புப் பாறையில் தண்ணீருக்கு ரகசிய வழிகளும் உண்டு. 1901 ஆகஸ்டில் பொந்தார்லியே ஊரில் அப்சிந்த் மது ஆலை ஒன்று மின்னல் தாக்கி எரிந்தபோது, வெடிக்காமல் இருக்கச் சரக்கைத் தூ ஆற்றில் திறந்துவிட்டார்கள். சில நாளில் மலைக்கு அந்தப் பக்கம் லூ ஆற்றின் ஊற்றில் அப்சிந்த் வாசனை. தூவின் தண்ணீர் நிலத்தடியில் நழுவி லூவாக வெளியே வருகிறது என்பது அப்படித்தான் பிடிபட்டது.

நடுவே கொஞ்ச தூரம் தூ ஆறே பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லை. ஆற்றின் இரு பக்கமும் செங்குத்துப் பாறை. கடத்தல்காரர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா. புகையிலை, மது, கடிகாரச் சாமான் என்று இரவில் முதுகில் சுமந்து ஏறினார்கள். ஷார்க்மோன் பக்கத்தில் பாறையில் சாத்திய மர ஏணிகளுக்கு 'சாவு ஏணிகள்' என்று பெயர் விழுந்தது. இப்போது இரும்பு ஏணிகள் பொருத்தியிருக்கிறார்கள். குடும்பத்தோடு வந்து வரிசையில் நின்று ஏறுகிறார்கள். சுங்கக்காரர் கண்ணில் படவே கூடாது என்று நடந்த அந்த வழிகளை பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து 'கடத்தல் பாதைகள்' என்று பெயர் சூட்டி, வரைபடம் அச்சிட்டு, திருப்பத்துக்குத் திருப்பம் குறி வைத்திருக்கின்றன.